கரி பஸ் ஏறிய மேடு

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பென்னாகரம் பஸ், தருமபுரிக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில் திணறி நின்றுவிட்டது. ராமக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடியில் மூன்று வயது மகன் தீர்த்தனுக்கு மூச்சுக்கு மூச்சு விலாவுக்கடியில் குழி விழுந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. இருதயமும் களைச்சுப் போச்சு. படுக்க வைக்காம நிமித்திப் பிடிச்சிக்கிட்டே பெரியாஸ்பத்திரிக்குப் போம்மா" என்று காலையில்தான் பென்னாகரத்து டாக்டர் சொல்லியிருந்தார்.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்க" என்றான் கண்டக்டர். ராமக்காவும் பிள்ளையோடு எழுந்தாள்.

"நீ எங்க எந்திரிக்கிற? குந்தும்மா" என்று அதட்டினாள் பக்கத்திலிருந்த புளிக்காரி கருப்பி. பிறகு கண்டக்டரிடம், "என் மூட்டைங்களயும் எறக்கிப் போடுப்பா, பாரம் கொறையட்டும்" என்றாள்.

"மூட்டைய வுட்டு நவுர மாட்டேன்னு சண்டை போட்டியே ஆத்தா?"

"புளி கெடந்தா கெடக்குது. புள்ள மூச்சு காத்துக்கிட்டுக் கெடக்குமா?"

அத்தனை பேரும் தள்ள, பஸ் மேடேறியது. மற்றவர்கள் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். கீழே கிடந்த மூட்டைகளைத் தூக்கிவந்து ஏற்ற நேரமில்லை. கருப்பி மட்டும் தருமபுரிச் சந்தையை விட்டுவிட்டு, மூட்டைகளுக்குக் காவலாகக் கீழேயே நின்றாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தீர்த்தனைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். ராமக்கா கட்டிலருகே நிற்பதும் நடப்பதுமாக இருந்தாள். பொழுது சாயும்போது அவன் உதட்டில் நீலம் சற்றுக் குறைந்தது. அப்போதுதான் அவளுக்குக் கைகூப்பத் தோன்றியது. மகனுக்காக வேண்டினாள். அந்தப் புளிக்காரிக்கு ஒரு மாட்டுவண்டியாவது கிடைத்திருக்க வேண்டும் என்றும் தீர்த்தமலையானை வேண்டிக்கொண்டாள்.