அப்பா நடந்த தூரம்

பந்தலுக்குள் வந்த சுந்தரபாண்டியன், பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவின் காலைத் தொட்டுக் குலுங்கி அழுதான். கண்ணைத் துடைத்த கையோடு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அக்கா பொன்மணிக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து அப்பா எவ்வளவு நடந்திருக்காவன்னு பாருங்க சித்தப்பா" என்று இசக்கிதுரையின் முகத்துக்கு நேரே நீட்டினான். "இந்த நடைக்குக் கோவில்பட்டிக்கே போயிரலாம். எம்மா, வீட்லதான இருந்த? இந்த வெயில்ல இப்படியா அலைய விடுவ?"

இசக்கிதுரை திரையைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தலைமாட்டில் இருந்த அம்மா வேலுத்தாய் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

"சாகப்போற மனுசன வேலை வாங்கியிருக்கா" என்று பின்னால் ஒருத்தி மெல்லச் சொன்னாள். மெல்லச் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொல்வதற்கென்றே ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

சுந்தரபாண்டியனுக்கு ஓசூரில் வேலை. தீபாவளிக்கு வந்தவன் அப்பாவுக்குப் போன் வாங்கிக்கொடுத்தான். நடக்கிற அடிகளை எண்ணும் ஆப்பைப் போட்டு, அந்தக் கணக்கு தன் போனிலும் தெரிகிற மாதிரிச் செய்துவிட்டுப் போனான். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னது டாக்டர்தான். தினம் போன் போட்டு மிரட்டச் சொன்னது டாக்டர் இல்லை. "என்னப்பா இன்னைக்குக் கொறஞ்சிருக்கு? சோம்பேறித்தனப்படாதீங்க." கரிசலில் காலமெல்லாம் ஏர் பிடித்த தங்கச்சாமி, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி "சரிப்பா, சரிப்பா" என்பார்.

மாசியில் அவருக்குக் கால் வீங்கியது. நாலெட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று பொன்மணி கெஞ்சினாள். "நடக்காததாலதான் வீங்குச்சுன்னு அவன் ஏசுவாம்மா" என்று மறைத்தார். போனை ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டு, வெள்ளாட்டின் கழுத்தில் கட்டிவிட்டு, உடைமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குப் பதிலா இது நடக்கும்லா" என்று சிரித்தார்.

அன்றைக்கு மகன் "சூப்பர்ப்பா" என்றான். அதோடு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதையும் விட்டுவிட்டான். அதைத்தான் பொன்மணியால் பொறுக்க முடியவில்லை.

இப்போது அவள் வாயெடுப்பதற்குள் அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏட்டி, பேசாம இரி. ஆட்டுக் கழுத்துல கட்டி மவன ஏமாத்துனாவன்னு ஊரு சிரிக்கும். போற நேரத்துல அவியளுக்கு அந்தக் கேவலம் வேண்டாம்."

"ஒனக்கு மட்டும் வேணுமாக்கும்?"

அம்மா பிடியை இறுக்கினாள்.

அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, நீர்மாலைக்குக் கூப்பிட்டார்கள். சுந்தரபாண்டியன் சட்டையைக் கழற்றிவிட்டுப் போனைப் பொன்மணியிடம் நீட்டினான்.

"அம்மாவுக்குத்தான் கூறு இல்ல. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு, குடத்தோடு பங்காளிகள் பின்னால் கிணற்றுக்கு நடந்தான்.

சங்குச் சத்தம் தெருமுனை தாண்டியபோது போன் அதிர்ந்தது. அப்பா இன்றைய இலக்கில் பாதியைத் தாண்டிவிட்டார் என்றது.

பொன்மணி சட்டென்று பெஞ்சைப் பார்த்தாள். வாய்க்கட்டோடு அப்பா படுத்திருந்தார். வீங்கிய கால்களின் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். பிறகுதான் புரிந்தது. நேற்றுச் சாயங்காலம் அப்பா சுருண்டு விழுந்த களேபரத்தில் அந்தப் பையை யாரும் அவிழ்க்கவில்லை. காலையில் பசியில் கத்திய ஆடுகளைப் பக்கத்து வீட்டுக் கருப்பசாமி பத்திக்கொண்டு போயிருந்தார்.

சுந்தரபாண்டியன் ஈர வேட்டியோடு குடத்தைச் சுமந்து திரும்பினான். அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். பொன்மணி உதறிவிட்டு எழுந்தாள்.

"ஏலே, இந்தா பாரு. அப்பா இன்னைக்கும் நடக்காவ."

"என்னக்கா சொல்லுத?"

"எண்ணிக்கை ஏறுது, பாரு. இப்பவும் அம்மாதான் வெரட்டுதாளா? கேளு, எல்லாரும் கேளுங்க!"

சங்கு ஊதியவர் நிறுத்திவிட்டார். சுந்தரபாண்டியன் திரையைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"வந்ததும் கால தொட்டியே, வீங்கிக் கெடக்கது கைக்குத் தெரியலயாலே? தினம் போனத்தான பாத்த. ஒரு நாளு அந்தக் காலப் பாத்தியா?"

மெல்லப் பேசியவள் எட்டி அந்தக் காலைப் பார்த்தாள்.

தெருவில் மணிச்சத்தம் கேட்டது. உடலை எடுப்பதற்குள் வந்துவிட வேண்டுமென்று கருப்பசாமி ஆடுகளைச் சீக்கிரமே திருப்பியிருந்தார். கறுப்பு வெள்ளாடு மட்டும் விலகிப் பந்தலுக்குள் நுழைந்து, பெஞ்சில் கிடந்த ரோஜாமாலையை மோந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் பை தொங்கியது.

சுந்தரபாண்டியன் குடத்தை இறக்கிவைத்தான். ஆட்டின் முன்னால் மண்டியிட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். மாட்டுக்கு அப்பா போடுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகியது. ஈர விரல்கள் வழுக்கின. யாரோ அரிவாளை நீட்டினார்கள்.

"அறுத்துராதய்யா" என்றாள் வேலுத்தாய். "அவிய கட்டுனது. மெல்ல அவுழு."

ஆடு தலையை உதறியது. பொன்மணியின் கையிலிருந்த போனில் எண் இன்னும் கொஞ்சம் ஏறியது.