கிடைச்சுதுன்னு ஒரு வார்த்தை

1

இந்தக் கதை ஒரு பாடத்திலிருந்து கிளம்பியது. ஒளிப்பானேன், நான் பாடம்தான் எழுத உட்கார்ந்தேன். "கணினிகளுக்கிடையே தரவுத் தொடர்பு: ஓர் அறிமுகம்." முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, பன்னிரண்டு பக்கம்.

"பயமுறுத்தாம எழுதுங்க மேடம்" என்றார் பதிப்பகத்து அம்மா. "போன புத்தகத்தைப் பார்த்துட்டுப் பாதிப் பேர் வேற படிப்புக்கு மாறிட்டாங்களாம்."

முதல் வரி: "தரவுத் தொடர்புக்கு ஐந்து வேண்டும்: அனுப்புநர், பெறுநர், செய்தி, ஊடகம், இருவரும் ஒப்புக்கொண்ட விதி."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுப்புநர் என்று எழுதியதும் அண்ணன் வந்து முன்னால் நின்றுவிட்டான். அப்படியானால் பெறுநர் நான். பதினோரு மாதமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

2

அண்ணன் ஒரு பெரிய மருத்துவமனையின் கேபிள் அறையில் வேலை பார்க்கிறான். அங்கே ஒவ்வொரு கம்பிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருப்பான். தன் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மட்டும் தெரியாது. (இவனைக் கொஞ்சம் முன்கோபியாக எழுதினால் கதை விறுவிறுப்பாக இருக்கும். மனசு வரவில்லை. முன்கோபம் என்னுடையது.)

என் கணினிக்கும் அவன் கணினிக்கும் நடுவே செய்திப் பெட்டி ஒன்றை அவனே எழுதி வைத்திருந்தான். எங்கள் பேச்செல்லாம் அதில்தான். விதியும் அவன் போட்டதே. செய்தி வந்தால் "கிடைச்சுது" என்று பதில் போட வேண்டும். பதில் வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டும். மொத்தம் மூன்று முறை.*

"அதுக்கு மேல அனுப்பினா லைனுக்கும் தொல்லை, ஆளுக்கும் தொல்லை" என்பான்.

* கணினிகளும் இப்படித்தான். செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு அனுப்பும். வந்து சேர்ந்ததற்குப் பதில் வராத துண்டை மறுபடி அனுப்பும். இந்த அடிக்குறிப்பு மட்டும் பரீட்சைக்கு வரும்.

3

சண்டையை எப்படித் தொடங்குவது?

"அன்று வெளியே மழை கொட்டிக்கொ—" பொய். வெயில்.

"என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நாள்." இது உண்மை.

அவன் என் வீட்டில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கக் கேபிள் அறைக்குப் போயிருந்தேன். அவனுடைய மேலதிகாரி, "உங்க அண்ணன் இல்லன்னா இங்க ஒண்ணும் ஓடாதும்மா" என்றார்.

"அட போங்க சார், கம்பி சொருகுற வேலைதானே! அதையும் கண்ணாடி இல்லாமத்தான் சொருகியிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அதன்பிறகு மூன்று வாரம் செய்திப் பெட்டியில் ஈ, காக்கைகூட இல்லை.

4

ஒரு வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. "புது வீட்டுக்கு வந்துட்டோம். ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றியா?"

குதித்தேன். "கிடைச்சுது. வரேன். விலாசம் அனுப்பு" என்று போட்டேன். விலாசம் வரவில்லை. அதே கேள்வி மறுபடி வந்தது. அதே பதிலைப் போட்டேன். மூன்றாம் முறையும் அப்படியே. பிறகு ஒன்றுமில்லை.

ஞாயிறு முழுக்கப் புதுப் புடவையில் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கூப்பிடுவது போலக் கூப்பிட்டு விலாசம் தராமல் பழிவாங்குகிறான் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் பெட்டியை என் பக்கத்தில் அடைத்துவிட்டேன்.

போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். உங்களுக்கு அண்ணன் இல்லை என்று நினைக்கிறேன்.

5

பாடத்தின் ஏழாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "அனுப்பியவர் பக்கமிருந்து பார்த்தால், செய்தி தொலைந்தாலும் பதில் தொலைந்தாலும் ஒன்றுபோலத்தான் தெரியும்."

பேனா நின்றது. இதே வாக்கியத்தை ஒன்பது வருஷமாக வகுப்பில் சொல்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்! அவன் ஏன் அதே கேள்வியை மூன்று தரம் அனுப்பினான்? பதில் வராதபோதுதானே மறுபடி அனுப்ப வேண்டும்? அப்படியானால் என் பதில் ஒன்றுகூட அவனுக்குப் போகவில்லை. அவனும் அந்த ஞாயிறு சோற்றை ஆறவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பான். ஐயோ, என் அண்ணனே.

நீங்கள் படித்த இந்த ஐந்து பகுதிகளையும் பாடத்தின் நடுவே செருகி அனுப்பினேன்.

"பாடம் கேட்டா கதை குடுத்திருக்கீங்களே!" என்றார் பதிப்பக அம்மா.

"தொழில்நுட்பப் பிழை பார்க்க எங்கண்ணனுக்குத் தபால்ல அனுப்புங்க. மருத்துவமனை விலாசத்துக்கு. அவன் வெட்டச் சொன்னா வெட்டிடலாம்."

6

முடிவுக்கு இரண்டு வாய்ப்புகளை யோசித்து வைத்திருந்தேன்.

(அ) தாள்கள் திரும்பி வரவே இல்லை.

(ஆ) காற்புள்ளிகள் மட்டும் திருத்தப்பட்டு வருகின்றன.

இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

இன்று காலை தாள்கள் வந்தன. நாலாம் பகுதி ஓரத்தில் பென்சில் எழுத்து, அண்ணனின் கோழிக்கிறுக்கல்:

"பிழை. மூணு தடவை இல்லை. ஞாயித்துக்கிழமை ராத்திரி நாலாவதா ஒண்ணு அனுப்பினேன். அதுக்குள்ள நீ அடைச்சுட்ட போல."

விதியைப் போட்டவனே மீறியிருக்கிறான்! அதன்கீழே இன்னும் இருந்தது.

"நீ எழுதினதைப் படிச்சதும் போய்ப் பார்த்தேன். புது வீட்டுல கணினிக்குக் காவல் போட்டப்ப, யார்கிட்டேருந்து வர்றதை உள்ள விடணும்னு ஒரு பட்டியல் குடுத்தேன். பால்காரர் வரைக்கும் எழுதியிருக்கேன். உன்னை எழுதலை. வீட்டு ஆளை யாராவது பட்டியல்ல எழுதுவாங்களா? தோணவே இல்லை."

கீழே விலாசம், பேருந்து எண், எந்த நிறுத்தத்தில் இறங்குவது, எல்லாம் இருந்தது. கம்பிக்கு ஒட்டும் சீட்டு ஒன்றையும் ஒட்டியிருந்தான். அதில் என் செல்லப்பெயர். தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன்.

7

கதைக்கு முடிவு எழுத வேண்டும்தான். நேரமில்லை. பேருந்து பத்து நிமிஷத்தில் வந்துவிடும், புடவைக்கு இஸ்திரி போடவில்லை. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சி. கோடிட்ட இடத்தை நிரப்புக:

நான் கதவைத் தட்டினேன். அண்ணன் திறந்தான். கண்ணாடி இல்லாமல் என்னை உற்றுப் பார்த்தான். "கிடைச்சுது" என்றேன். அவன் ____________