தலைவர் கொடுத்த கை

துணியை விலக்கியதும் கைதட்டல் எழுந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வெண்கலக் கைகள், பந்தை வாங்கத் தயாராக விரிந்திருந்தன. முதல் வரிசையில் விக்கெட் கீப்பரின் மனைவி மட்டும் கைதட்டவில்லை. வெண்கலக் கைகளின் பத்து விரலும் வெண்டைக்காய் மாதிரி நேராக இருந்தன.

அவள் கணவருக்கு நேரான விரல் ஒன்றுகூடக் கிடையாது. கிளவுஸ் என்ற பெயரில் வெறும் தோலை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் நாட்டுக்காகக் குந்திய காலம் அது. ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணமும் ஒரு விரலைத் தின்றுவிட்டுத்தான் அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஒடிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் குந்துவார். சட்டைப் பொத்தானை இன்று காலையும் அவள்தான் போட்டுவிட்டாள். ஓய்வு பெற்றவரைக் கிரிக்கெட் சங்கம் மறந்தே போனது. அருங்காட்சியகம் ஒன்றைக் கட்டிவிட்டு, உள்ளே வைக்க எதுவுமில்லாமல் முழித்தபோதுதான் அவர் நினைவு வந்தது. வீட்டுக்கே வந்து கைகளை மாவில் அமுக்கி அச்சு எடுத்துப் போனார்கள்.

"இது இவர் கை இல்லையே" என்றாள், பக்கத்தில் நின்ற சங்கச் செயலாளரிடம்.

அவர் பெருமையோடு குனிந்தார். "இல்லைதாம்மா. அச்சுல பாத்தா விரலெல்லாம் ஒரு மாதிரி கோணலா வந்துச்சு. ஸ்பான்சர் மூஞ்சியச் சுளிச்சிட்டாங்க. நம்ம தலைவர்தான் பெருந்தன்மையா தன் கையையே குடுத்தாரு. ரொம்ப நேரம் அசையாம உக்காந்தாரு, பாவம்."

தலைவர் வாழ்நாளில் பிடித்த ஒரே கேட்ச், மாமனார் காலிசெய்த தலைவர் நாற்காலி.

அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. கணவரை இடித்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டுச்சு. விடு. பேரு என்னோடதுதானே போட்டிருக்கு."

"பேரு உங்களோடது, விரல் அந்தாளோடது. நாளைக்கு உங்க கையைப் பாக்கறவன், இதுதான் போலின்னு சொல்லுவான். அப்பவும் விடுன்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மேடையில் தலைவர் உருகிக்கொண்டிருந்தார். "இந்தத் தங்கக் கைகளைப் பாருங்க. இப்படி ஒரு கை இனிமே பொறக்குமா?" தன் கையைத் தானே இவ்வளவு உருக்கமாகப் புகழ எல்லோராலும் முடியாது. பிறகு கீப்பரை அழைத்தார். "வாங்க சார். ரெண்டு வார்த்தை, சுருக்கமா."

நன்றி என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு இறங்கிவிடுவார், இந்தப் பொய் காலத்துக்கும் நின்றுவிடும் என்று அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

அவர் மைக்கை வாங்கவில்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போய் அதன் மேல் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். புயலில் சாய்ந்த வேலி மாதிரி விரல்கள். அரங்கம் மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப உள்ள இருக்கறது யாரு கை?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"தலைவரோடது" என்றாள் அவள், வழி கேட்டவருக்குச் சொல்வதுபோல.

எல்லாக் கண்களும் திரும்பின. தலைவர் மைக்கை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். மறுபடி வலக்கைக்கு மாற்றப் போனபோது, அந்த அழகான பத்து விரல்களுக்கும் நடுவே அது நழுவி விழுந்து, அரங்கம் அதிர மேடையில் உருண்டது.