புறாக்கழுத்து நிறக் கோட்டு

"பன்னெண்டு மணிக்கு முந்தி உடுப்பு வரணும் மாத்தயா. பொறகு போட ஏலாது," என்று சவம் பதப்படுத்தும் மலர்ச்சாலைக்காரர் இரண்டாவது முறையும் சொன்னபோது, சேதுராமன் வாடகைக்குப் பிடித்த ஹயரிங் காரின் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் புது வேட்டி சட்டை இருக்கத்தான் செய்தது. ஆனால் மனைவி கமலத்தின் தம்பி செல்லப்பா காலையிலேயே வந்து, "கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த கோட்டு இருக்குல்ல மச்சான். அதப் போட்டே அனுப்புவோம். மாப்பிள்ளையாப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு, சொன்னது தாங்காமல் தானே சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். கமலம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நேற்று மாலை கலகெதரையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ் மழையில் சறுக்கி, வளைவில் பள்ளத்துக்குள் போய்விட்டது. செத்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் தனபாலன். சேதுராமனுக்கும் கமலத்துக்கும் ஒரே பிள்ளை, வங்கியில் கிளார்க், வயது இருபத்தெட்டு. கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

செய்தி வந்ததிலிருந்து கமலம் சேதுராமனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுக்கலையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்தப் பக்கம் ஏன் போனான்?" அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "கோட்டு அளவு பார்க்கப் போனான்." அதோடு நிறுத்திக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் சேதுராமன் மீதிக்காகக் காத்திருந்தார். மீதி வரவில்லை.

"நானே போயிட்டு வர்றேன்," என்று செல்லப்பாவிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியது. துணி எடுக்கப் போன நாள் அவருக்கு நினைவு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கி இரண்டு வருஷமாகியிருந்தது. கண்டிக் கடைகளில் ஜப்பான் துணியும் இங்கிலீஷ் துணியும் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு துணியாகக் கைக்குள் கசக்கிப் பிடித்து, விட்டுப் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தார். மாநகரசபையில் முப்பத்தொரு வருஷம் கோட்டுப் போட்டு வேலை பார்த்தவர், துணி விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் அவருக்கு.

தனபாலன் ஒரு துணியை மட்டும் திரும்பத் திரும்பத் தடவினான். நீலமும் சாம்பலும் கலந்த புறாக்கழுத்து நிறம்.

"இது நல்லாருக்கேப்பா."

"மினுக்குது. நாலு தரம் இஸ்திரி போட்டா முழங்கையில பளபளன்னு ஆயிரும். கருநீலம் எடு."

"கருநீலம் இஸ்கூல் காச்சட்ட மாதிரி இருக்குப்பா."

"சொல்றதக் கேளு."

கருநீலத்தை வெட்டச் சொன்னார். தையற்காரர் விஷயத்திலும் அப்படித்தான். வங்கிக்கு எதிரிலேயே ஒரு கடை இருந்தது. ரோட்டைத் தாண்டினால் அளவு கொடுத்துவிடலாம் என்றான் தனபாலன்.

"அவன் உள்துணியப் பச போட்டு ஒட்டுவான். ஒரு மழையில நனஞ்சா நெஞ்சுப் பக்கம் பொங்கிரும். கலகெதரை ஜவாஹிர் நானா கையால தைப்பாரு. அம்பத்தெட்டுல எனக்குத் தச்சது, இன்னும் தோள் எறங்கல."

"அதுக்கு மூணு தரம் கலகெதரைக்குப் போய் வரணுமேப்பா."

"வாழ்க்கையில ஒரு தரம் தைக்கிற கோட்டு. போனா என்ன?"

நேற்றுப் போனது மூன்றாவது தரம்.

வளைவு வந்தபோது சாரதி சொல்லாமலே வேகத்தைக் குறைத்தான். டயருக்கடியில் கண்ணாடித் துகள் நெரிந்தது. ரோட்டோரம் நாலைந்து பேர் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேதுராமன் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜவாஹிர் நானா கடைப்பலகையைப் பாதிதான் திறந்து வைத்திருந்தார். சேதுராமனைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"நேத்தே செய்தி கெடச்சிச்சு ஐயா. விடிய சுபஹு தொழுதிட்டு வந்து இதுலயே குந்தினன். உடுப்புக் கேட்டு வருவீங்க எண்டு மனசு சொல்லிச்சு. முடிச்சு வெச்சீக்கிறன்."

அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்தார். சேதுராமன் அதைப் பார்த்துவிட்டு, அலுமாரிக்குள் வேறு கோட்டைத் தேடினார்.

"இது இல்ல நானா. நாம குடுத்தது கருநீலம்."

ஜவாஹிர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பார்சலை எடுத்து மேசையில் வைத்தார். கடைக்காரன் கட்டிக் கொடுத்த சணல்கூட அவிழ்க்கப்படவில்லை. உள்ளே கருநீலம் கத்தரி படாமல் இருந்தது.

"அளவு குடுத்து மறு கெழமயே மகன் தனியா வந்தாரு. இந்தத் துணியக் கொண்டுவந்து, இதுல தைங்க எண்டாரு. அப்பாக்கு என்ன சொல்ற எண்டு கேட்டன். கல்யாணத்தண்டைக்கு நான் போட்டு வந்து நிண்டா ஏசவா போறாரு எண்டு சிரிச்சாரு. நான் சொல்லீக்கணும் ஐயா. மாப்பிள்ளட ஆச எண்டு உட்டுட்டன்."

சேதுராமன் கோட்டின் தோளைத் தொட்டார். புறாக்கழுத்து நிறம் அவர் விரலுக்கடியில் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் சாம்பலாகவும் தெரிந்தது. மினுக்கவில்லை. நல்ல துணி.

"நேத்துப் போட்டுப் பார்த்தானா?"

"பார்த்தாரு. இந்தக் கண்ணாடிக்கு முன்னுக்குத்தான். கை நீளம் மட்டும் கால் இஞ்சி கொறைக்கச் சொன்னாரு. நானும் வெளாட்டுக்கு, துணியத்தான் மாத்தினீங்க, தையக்காரனயும் டவுனுக்கே மாத்தீக்கலாமே, இவ்வளவு தூரம் அலையத் தேவல்லயே எண்டன். அதுக்கு அவரு, இல்ல நானா, அது அப்பா ஆசப்பட்டது, அத மாத்த..."

அவர் சட்டென்று நிறுத்தினார். தான் சொல்லிக்கொண்டிருப்பது என்னவென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மேசையில் கிடந்த நாடாவை எடுத்துச் சுற்றத் தொடங்கினார்.

வெளியே ஒரு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்டிப் பக்கம் போனது.

"கையக் கொறச்சிட்டீங்களா?" என்று கேட்டார் சேதுராமன்.

"கொறச்சிட்டன் ஐயா."

மலர்ச்சாலையின் பின் அறைக்கு அவரை விடமாட்டோம் என்றார்கள். அவர் கேட்காமல் உள்ளே போனார். தனபாலனுக்கு முகத்தில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நெற்றியோரம் மட்டும் பஞ்சு வைத்து மறைத்திருந்தார்கள். வேலை செய்த வயதான சிங்களவர் கோட்டை வாங்கி, புரட்டிப் பார்த்து, கத்தரியை எடுத்தார்.

"அத எதுக்கு?"

"பின்பக்கம் வெட்டித்தான் போடணும் மாத்தயா. கை மடங்காது. முன்னால பார்த்தா தெரியாது."

"வெட்ட வேணாம்."

"வெட்டாம ஏலாது."

சேதுராமன் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "ஒரு பிளேடு குடுங்க. தையலப் பிரிச்சுத் தர்றேன்," என்றார்.

ஜன்னலோரம் ஒரு கதிரையில் உட்கார்ந்து, கோட்டை மடியில் கவிழ்த்துப் போட்டு, முதுகின் நடுத்தையலைக் கழுத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினார். நெருக்கமான கைத்தையல். ஒவ்வொன்றாகத்தான் அறுக்க வேண்டியிருந்தது. அறுத்த பிறகும் நூல் துணியை விட்டு வர மறுத்தது. நகத்தால் கிள்ளி இழுத்தார். பெருவிரலில் பிளேடு பட்டு இரத்தம் வந்தது. துணியில் பட்டுவிடாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பிரித்தார். பன்னிரண்டு மணி தாண்டியும் கிழவர் அவசரப்படுத்தாமல் சுவரில் சாய்ந்து நின்றார். பன்னிரண்டரைக்குக் கோட்டின் முதுகு இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

பெட்டி வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் கமலம் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள். அழுகை ஒரு கணம் நின்றது.

"இது நீங்க எடுத்த துணி இல்லியே," என்றாள். நேற்றிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அவன் எடுத்தது."

அவள் மகனின் மார்பில் கையை வைத்து, மேலிருந்து கீழாக ஒருதரம் தடவினாள். "நல்லாத்தான் எடுத்திருக்கான்," என்றாள். பிறகு மறுபடியும் அழத் தொடங்கினாள்.

மூன்று மணிக்கு வங்கி முகாமையாளர் வந்தார். மலர்வளையத்தை வைத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு, பெட்டிக்கருகில் நின்றார். எல்லோரையும் போல அவரும் கேட்டார். கமலம் எல்லோருக்கும் சொன்னதையே சொன்னாள்.

"கோட்டுத் தைக்கக் கலகெதரைக்கா? எங்க பேங்குக்கு முன்னுக்கே டெய்லர் இருக்காரே. அவ்வளவு தூரம் போகச் சொல்லி யாரு...?"

செல்லப்பா தரையைப் பார்த்தான். கதவருகில் நின்ற சேதுராமன் முன்னால் ஒரு அடி வைத்தார். "நான்..." என்று வாயைத் திறந்தார்.

"அவனுக்குப் புடிச்ச டெய்லரு," என்றாள் கமலம். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அங்கதான் தைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னான்."

முகாமையாளர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். முற்றத்தில் மழை தொடங்கியிருந்தது. ஆண்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு தகரப் பந்தலுக்குள் ஒதுங்குகிற சத்தம் கேட்டது.

கமலம் பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. சேதுராமன் கதவருகில் நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.