ஜன்னலோர மூலை

டெய்லரக்காவை நடு வரிசைக்குப் போகச் சொன்னவர்கள் யாருமில்லை. நைசாகத் தள்ளிவிட்டார்கள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வரிசை நடனம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இதில் ஜோடி கிடையாது. வயதானவர்கள் வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடியைப் போடுவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் கூட்டம் மொத்தமும் அடுத்த சுவரைப் பார்த்துத் திரும்பும். திரும்பினால் ஓரத்தில் நின்றவர்தான் முன்னால் நிற்பார். பார்த்துப் போட அவருக்கு எதிரே ஒரு முதுகும் இருக்காது. அதனால் தப்பாத கால்களைத்தான் மூலையில் நிறுத்துவார்கள். ஜன்னலோர மூலை, வகுப்பு தொடங்கிய நாள் முதல் டெய்லரக்காவுடையது.

இப்போது அங்கே கண்டக்டர் நின்றார். பஸ் வேலையில் ஓய்வு பெற்று இந்த வருஷம்தான் வந்து சேர்ந்த ஆள். போன மாதம் திரும்பும்போது அவள் மேலேயே வந்து மோதியவர். "கண்ணை வீட்லயே வச்சிட்டு வந்தீங்களா?" என்று அன்றைக்கே வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவருக்கா மூலை?

"ஜன்னல் காத்து நல்லதுன்னு டாக்டர் சொன்னாருக்கா" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

"நீ வாக்கா, நடுவுலதான் ஃபேன் காத்து ஜில்லுனு வருது" என்று கூடவே ஆட வரும் அவள் தங்கை கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவருக்கு ஜன்னல் காத்து, எனக்கு ஃபேன் காத்து. எல்லாரும் கூட்டா காத்து வியாபாரம் பண்றீங்களாடி?"

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பும் சரியில்லை.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு தணிந்துவிடுகிறது. உதடுகள் அசைகின்றன, குரல் வருவதில்லை. சொல்லிக்கொடுக்கும் நர்ஸம்மா முன்பெல்லாம் கணீரென்று "திரும்பு!" என்பாள். இப்போது அதையும் ரகசியம்போல் சொல்கிறாள். ஆண்டு விழா மேடையிலிருந்து தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்களோ? வாரத்தில் இந்த ஒரு சாயங்காலம்தான் அவளுக்கு மனித முகம். மற்ற நாளெல்லாம் தையல் மெஷினோடுதான் பேச்சு. இதுவும் போய்விட்டால்?

அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து ஜன்னலோர மூலையில் காலை ஊன்றி நின்றாள். யார் வந்து நகர்த்துகிறார்கள், பார்த்துவிடலாம்.

யாரும் நகர்த்தவில்லை. கண்டக்டர் நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா தலையசைத்தாள். அவர் நடுவுக்குப் போய்விட்டார். டெய்லரக்கா அதையும் குறித்துக்கொண்டாள்.

பாட்டு ஓடியது. கால்கள் தங்குதடையில்லாமல் போயின. ஒருவரும் மோதவில்லை, ஒருவரும் தடுமாறவில்லை. பாட்டு நின்றபோது அவள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். எதிரே ஜன்னல்.

அந்த நடனம் எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் முடியும். செருப்பு அலமாரிதான் எதிரே தெரிய வேண்டும்.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். தங்கை, கண்டக்டர், நர்ஸம்மா, அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்தபடியே நின்றார்கள். கடைசித் திருப்பத்தை அவள் விட்டிருக்கிறாள். அவள் விட்டதைப் பார்த்து அவர்களும் விட்டிருக்கிறார்கள்.

தங்கையின் உதடுகள் அசைந்தன.

"என்னடி முணுமுணுக்கிற?"

தங்கை கிட்டே வந்து, வலது காதருகே வாயை வைத்தாள். "நான் கத்தித்தான்க்கா சொன்னேன்."

டெய்லரக்கா கண்டக்டர் பக்கம் திரும்பினாள். அன்றைக்குக் கண்டக்டரா வந்து மோதினார்? அவர் சரியாகத்தான் திரும்பியிருக்கிறார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"யார் சொல்றது? உங்ககிட்ட திட்டு வாங்க உடம்புல தெம்பு வேணாமா?" என்றார் கண்டக்டர்.

அவள் நடுவுக்கு நடந்தாள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முதுகு இருந்தது.

பாட்டு மறுபடி தொடங்கியது. திருப்பம் வந்ததும் கண்டக்டர், பின் சீட்டிலிருந்து டிரைவருக்குக் கேட்கக் கத்திய அதே குரலில், "திரும்பிக்கோங்க!" என்று முழங்கினார். கூரை அதிர்ந்தது. டெய்லரக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"மெதுவாய்யா, செவிடாக்கிடாதே!" என்றாள் திரும்பிக்கொண்டே. ஒரு கண் மட்டும் ஜன்னலோர மூலை மேலேயே இருந்தது.