முதல் கணுவுக்கு லாபம் என்று பேர்

வந்திருந்தவர்கள்: மீன்துறை இன்ஸ்பெக்டர் கலியபெருமாள், மேசைக்குப் பின்னால். வியாபாரி ராயப்பன், கவிழ்த்த மீன்கூடை மேல். எண்ணுவதற்கு வந்த பிலோமி, உட்காரவில்லை. ஜெனோவா, ஐஸ்பெட்டி மேல். அவள் புருஷன் தொம்மை, சேர்த்துப் போட்ட இரண்டு பெஞ்சுகள் மேல், குப்புற. அவன் திங்கட்கிழமையிலிருந்து சுறாவாக இருந்தான்.

இடம், துறைமுகத்து ஏலக்கூடம்.

வழக்கு சின்னதுதான். பெஞ்சில் கிடப்பது தொம்மை என்றால் ஜெனோவா வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். வெறும் சுறா என்றால் ராயப்பன் ஏலத்தில் எடுத்தது எடுத்ததுதான். மத்தியானத்துக்குள் வெட்டித் துண்டு போட்டுவிடுவார்.

“சாம்பல் சுறா எல்லாம் வெளியே ஒரே சாடைம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். “முதுகெலும்புக் கணுவை எண்ணினால்தான் இனம் தெரியும். நூற்று எழுபத்தொன்று இருந்தால் உங்க வீட்டுக்காரர். நூற்று எழுபது என்றால் சுறா.”

“ஏட்டி ஜெனோ, ஐஸ் பத்தல,” என்றான் தொம்மை.

“கேட்டீங்களா சார், பேரு சொல்லுதாரு.”

“பேச்சு செல்லாது. இந்த சீசன்ல எல்லாச் சுறாவும் பேசுது.”

ராயப்பன் குனிந்து பார்த்தார். “ஏ பிள்ள, உம் மாப்பிள்ளைக்கு இத்தனை பல்லா இருந்துச்சு?”

“சிரிச்சாத்தானே அண்ணாச்சி தெரியும். கல்யாணத்துக்கப்புறம் அவரு சிரிக்கல.”

தொம்மை அதை மறுக்கவில்லை.

பிலோமி அவன் பிடரியில் விரலை வைத்தாள். அந்தக் கரையில் எதை எண்ணினாலும் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். ஒன்று என்று சொன்னால் அது ஒன்றோடு நின்றுவிடும். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். நெல்லுக்கும் அப்படித்தான், நெத்திலிக்கும் அப்படித்தான்.

“லாபம், ரெண்டு, மூணு…”

நூறைத் தாண்டியதும் கூடம் நீண்டது. வால் ஐஸ் பேக்டரியைக் கடந்து போனது. பிலோமி எண்ணிக்கொண்டே வாலோடு நடந்தாள். குரல் தேய்ந்து, பிறகு இன்ஸ்பெக்டரின் செல்போனில் வந்தது.

“நூத்தி எழுவத்தொண்ணு. முடிஞ்சுது சார். மினி பஸ் புடிச்சு வாரேன்.”

ஜெனோவா எழுந்தாள். “எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்.”

“உட்காருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “நான் ரெண்டுல இருந்துதான் குறிச்சிருக்கேன். முதல்ல வந்தது லாபம். லாபம் எண் இல்லை. ஆக, நூற்று எழுபது.”

“அதுவும் கணுதானே சார்?”

“கணுதான். எண்ணப்படாத கணு.”

“அப்போ ஒண்ணுன்னு தொடங்கி இன்னொரு தரம் எண்ணச் சொல்லுங்க.”

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள். “மாட்டேன் மதினி. என் வாயால சொன்னா வலையில ஒண்ணும் படாது.”

ராயப்பன் கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.

யார் சொல்வதிலும் ஜெனோவாவுக்குத் தப்புத் தெரியவில்லை. அதுதான் தலையைச் சுற்றியது. முதுகைக் காட்டி நின்றாள். “அப்படின்னா என்னையும் எண்ணுங்க.”

பிலோமி எண்ணினாள். லாபத்தில் தொடங்கி முப்பத்துமூன்றில் முடிந்தது. இன்ஸ்பெக்டர் முப்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டு அட்டவணையைப் பார்த்தார். முப்பத்திரண்டில் மனுஷி கிடையாது.

“உங்களுக்கும் ஒண்ணு குறையுது, அவருக்கும் ஒண்ணு குறையுது,” என்றார். “ஒரே இனம்தான் போல. அப்படியானால் அண்ணாச்சி உங்களையும் சேர்த்துத்தான் ஏலத்தில் எடுத்திருக்கிறார்.”

கத்தி நின்றது. “ஐயோ, எனக்கு வேண்டாம் சார். வீட்டுல கொன்னுபோடுவா.”

“அப்ப சென்னைக்கு எழுதிக் கேட்க வேண்டியதுதான். லாபம் கணக்கில் சேருமா சேராதா என்று அவர்கள் சொல்லட்டும். மாதிரி அனுப்பணும்.”

பிலோமி இரண்டு பிடரியிலிருந்தும் முதல் கணுவை எடுத்தாள். பூண்டு உரிப்பதுபோல் வந்தது, வலிக்கவில்லை. உள்ளங்கையில் இரண்டும் ஒரே சாடையாக இருந்தன. எது யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

அவர் எழுதினார்: “ஐயா, இத்துடன் லாபம் இரண்டு இணைத்துள்ளேன். தங்கள் பதில் வரும்வரை யாரும் வெட்டப்பட மாட்டார்கள்.”

கணு போனதில் ஜெனோவாவின் தலை நிற்கவில்லை. ஒரு கையால் தன் தலையைத் தாங்கிக்கொண்டாள். மறு கையைத் தொம்மையின் தாடைக்கு அடியில் கொடுத்தாள். கை ஒழியாததால் இன்ஸ்பெக்டர் கவரை அவள் வாய்க்கு நேராக நீட்டினார். நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

“உப்பு கம்மி,” என்றாள்.

தொம்மை சிரித்தான். எல்லாப் பல்லும் தெரிந்தது.

ராயப்பன் கூடையை விட்டு எழுந்தார். “அட, இவன்தான். கல்யாணப் பந்தியில் பார்த்த பல்லு. சார், இவன் தொம்மையேதான்!”

தபால்காரர் அதற்குள் கவரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.