வியாழக்கிழமை நடை

திவ்யதர்ஷினிக்குச் சும்மா இருப்பது என்றால் வேப்பங்காய். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. முடிந்ததும் நேராகத் தேக்காவுக்கு வந்து, பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜிம்மில் இரும்பைத் தூக்குவாள். தரையில் கிடக்கும், எடை மாட்டிய இரும்புத் தண்டான பாரைப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் டெட்லிஃப்ட்தான் அவள் பலம். அவள் பெயர் கொடுத்திருந்த டெட்லிஃப்ட் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது.

உடம்பு தேற வியாழக்கிழமைகளில் எடையைத் தொடக் கூடாது என்று, கூடவே பயிற்சி செய்யும் ஃபஸீலா கறாராகச் சொல்லியிருந்தாள். அதற்காகப் படுத்துக் கிடக்கவும் கூடாது. மூச்சு வாங்காமல் நடக்கலாம், நிதானமாக நீந்தலாம். திவ்யா நன்றாகத் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, உட்லண்ட்ஸில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு ஜிம்முக்குத் திருட்டுத்தனமாகப் போய்வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கமாகத் தூக்கும் எடையே தரையை விட்டு அசைய மறுத்தது. முதுகு பலகைபோல் இறுகிக் கிடந்தது.

"நேத்து எங்கடி போன?" என்று கேட்டாள் ஃபஸீலா.

"வீட்லதான்."

"உள்ளங்கையில தோல் புதுசா கிழிஞ்சிருக்கு. பொய் சொல்லாத லா."

திவ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாள் விட்டா ஸ்ட்ரெங்த் எல்லாம் போயிடும்னு பயம்."

"எங்க போகும்? எம்ஆர்டி ரயில் ஏறியா போயிடும்?"

அடுத்த வியாழன் ஃபஸீலாவே உட்லண்ட்ஸுக்கு வந்து நின்றாள். எதிர்க்கரையில் தெரிந்த ஜொகூரைப் பார்த்தபடி இருவரும் கடலோர நடைபாதையில் நடந்தார்கள். திவ்யா வேகமெடுக்கும்போதெல்லாம் ஃபஸீலா எதையாவது கேட்பாள். பதில் சொல்கையில் மூச்சு வாங்கினால் நடையைத் தளர்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று திவ்யாவுக்கு ஒரே எரிச்சல். ஆனால் மறுநாள் குனிந்து பாரைப் பிடித்தபோது முதுகு இளகியிருந்ததை அவளால் மறுக்க முடியவில்லை. அதன்பின் ஃபஸீலா வராத வாரங்களிலும் தனியாகவே நடந்தாள்.

போட்டியில் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் எடை சுலபமாக எழும்பியது. இரண்டாவதில், பார் முழங்காலைத் தாண்டியதும் பிடி நழுவித் தடாலென்று விழுந்தது. அடுத்த எடையை உடனே சொல்லியாக வேண்டும்.

"அதே வெயிட்ட கேளு. பத்திரமா முடிச்சிடலாம்," என்றாள் ஃபஸீலா.

"இல்ல. அஞ்சு கிலோ கூட்டு."

"இப்பதானே கீழ விழுந்துச்சு!"

"கைதான் வழுக்கிச்சு. கையில பூசின சாக்பொடி பத்தல. முதுகுல இன்னும் நிறைய மிச்சம் இருக்கு, எனக்குத் தெரியுது."

ஃபஸீலா போட்டி நடத்துபவர்களின் மேசைக்குப் போய்க் கூட்டிய எடையைச் சொன்னாள்.

சாக்பொடியை அள்ளிப் பூசிக்கொண்டு திவ்யா மேடையேறினாள். பார் மெதுவாகத்தான் கிளம்பியது. ஆனால் எங்கும் நிற்கவில்லை. தோள்களைப் பின்னுக்கு இழுத்து நிமிர்ந்து, நடுவர் கையைக் கீழே காட்டும்வரை அசையாமல் நின்றாள். சரியாகத் தூக்கினாள் என்று மூன்று நடுவர்களின் வெள்ளை விளக்குகளும் எரிந்தன. பயிற்சியில்கூட அவள் தொட்டுப் பார்த்திராத எடை அது.

இரண்டாம் இடம். மேடையிலிருந்து இறங்கியவளை ஃபஸீலா கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

"அடுத்த போட்டி எப்பன்னு கேட்டியா?" என்றாள் திவ்யா.